நடுவில் ஓரிடம்

செக்கில் கையெழுத்துப் போடப் போன கணவரின் கையை வசுமதி பிடித்துக்கொண்டாள். "இருங்க, வீட்டைப் பார்த்துட்டு வந்துடறேன்."

நெடுஞ்சாலையோரம் மஞ்சள் கல் நட்ட வெற்று மனை அது. அவர் ரிட்டயரானபோது கிடைத்த பணம் மொத்தமும் அதற்குத்தான். இல்லாத நிலைப்படியை வசுமதி வலது காலால் தாண்டினாள். இல்லாத ஜன்னலைத் திறந்தாள். கானலில் லாரிகள் மிதந்து போயின.

உள்ளூர்த் தரகர் முத்துக்காளையும் சிரித்தபடி கூடவே நடந்தார். "இது ஹாலும்மா. அது பெட்ரூம்."

நடுவில் ஓரிடத்தை மட்டும் அவர் கால்கள் வளைந்து சுற்றிப் போயின. மூன்றாவது முறையும்.

"நேரா வாங்கண்ணே. தரை சமமாத்தானே இருக்கு?"

முத்துக்காளை குனிந்து தன் கால்களையே பார்த்தார்.

"பொறந்ததுலேர்ந்து பழக்கம்மா. கிணத்தை மூடி ரெண்டு மாசம்தானே ஆகுது..."