பிடி கொடு

கபடி அணித் தேர்வில் ரெய்டு போன ஒவ்வொரு முறையும் இசக்கிராஜ் எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்துவிட்டான். எதிரே நின்ற ஏழு பேரில் ஒருவர் கைகூட அவனைப் பிடிக்கவில்லை. வீரர்களை எடுக்கும் ஏலத்தில் யாருமே கேட்காத ஆள் அவன், அவர்கள் தோளுக்குக்கூட எட்டாதவன். அந்த ஏழு பேருக்கும் அணியில் இடம் உறுதியாகிவிட்டது. அவனுக்கு இல்லை என்றார் கோச்.

"வேகமெல்லாம் சரிதான்ப்பா. உடம்பு பத்தாது. பிடிச்சா ஒடிஞ்சிருவ."

"பிடிச்சாத்தான சார்?"

"வாய்க்கு மட்டும் குறைச்சல் இல்ல. போய் நடுவுல நில்லு. ஒரு தடவை பிடி கொடு, பாத்துருவோம்."

பிடிபடாமல் வருகிறவனுக்குத்தான் ரெய்டர் என்று பேர். அவனைப் பிடிபட்டுக் காட்டு என்று சொல்ல ஒரு தேர்வு, அதைப் பார்க்க மூன்று நாற்காலி.

இசக்கிராஜ் போய் நின்றான். ஏழு பேரில் பெரிய ஆளான பூபாலனுக்கு முன்னால் தன் வலது காலை நீட்டி வைத்தான்.

"பிடிங்கண்ணே. ஓடல."

பூபாலன் குனிந்தான். காலைப் பார்த்தான். அதுவரை அந்தக் கால் நழுவிப் போன இடது பக்கத்தைப் பார்த்தான். மறுபடி காலைப் பார்த்தான். பிறகு இடது பக்கமே பாய்ந்து, வெறும் தரையைக் கட்டிக்கொண்டு விழுந்தான்.

கால் வைத்த இடத்திலேயே இருந்தது.

கோச் பக்கத்து நாற்காலியில் இருந்தவரிடம் திரும்பினார். "பாத்தீங்களா, சொல்லியும் பிடி கொடுக்க மாட்டேங்கான்."