வளைவில் மட்டும் மெதுவாக

"சார், பதினெட்டு நிமிஷத்துல முடியற பீசுக்கு அவர் முப்பது நிமிஷம் எடுத்துக்கறார். வளைவு வந்தா போதும், வேகக் குமிழை நூறுல இருந்து நாப்பது சதவீதத்துக்குத் திருகிடறார். நானே கண்ணால பார்த்தேன்."

மேனேஜரிடம் படபடவென்று பொரிந்து தள்ளிவிட்டாள். செயற்கை முழங்கால் மூட்டு செய்யும் அந்த ஆலையில், மிஷின்களுக்குப் புரோகிராம் எழுதுபவள் அவள். சேர்ந்து ஐந்து மாதம். ஆர்டர் தாமதம் என்று பேச்சு வாங்குவது அவள், தாமதப்படுத்துவது ஆபரேட்டர். 'நத்தை' என்று அவருக்குச் சும்மாவா பேர் வைத்திருக்கிறார்கள்?

மேனேஜர் ஆபரேட்டரைக் கூப்பிட்டார்.

"என்னய்யா, தூங்கிக்கிட்டே ஓட்டுறியா?"

ஆபரேட்டர் அவளை ஒரு தடவை பார்த்தார்.

"என் தப்புதான் சார். கொஞ்சம் பயந்து ஓட்டிட்டேன்."

"அப்போ பேக்கிங்குக்குப் போ. மிஷினை வேற ஆள் பார்க்கட்டும்."

அவளுக்கு அப்பாடா என்றிருந்தது.

மத்தியானத்துக்குள் அந்த அப்பாடா காற்றில் போயிற்று. புது ஆள் முழு வேகத்தில் ஓட்டினார். வளைவுக்கு வந்ததும் மிஷின் குளிர்ஜுரம் கண்டதுபோல் நடுங்கியது. ஆறு பீஸ், ஆறிலும் வரிவரியாகக் கோடு. நகத்தால் தடவினால் சீப்பின் பல்லில் தட்டுவதுபோல் தட்டியது. யாரோ ஒருவருடைய காலுக்குள் போய் உட்கார வேண்டிய சாமான் இது!

ஓடிப்போய்ப் புரோகிராமைத் திறந்தாள். வளைவை வளைவாக எழுதவில்லை அவள். நூற்றுக்கணக்கான குட்டிக்குட்டி நேர்கோடுகளாகத் துண்டு போட்டிருந்தாள். ஒவ்வொரு துண்டு முடியும்போதும் மிஷின் தயங்கி, குலுங்கித் திரும்பியிருக்கிறது. மெதுவாகப் போனால் மட்டும்தான் அந்தக் குலுக்கல் அடங்கும்.

சத்தம் போடாமல் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாதுதான். பத்து நிமிஷம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், தப்பு அவர் மேல இல்ல. என் புரோகிராம்ல."

மேனேஜர் அவளையே பார்த்தார். திட்டு விழப்போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"இதைச் சொல்றதுக்கு நீங்களே வந்தீங்க பாருங்க, அது போதும். சரி பண்ணுங்க. அவரையும் நீங்களே போய்க் கூட்டிட்டு வாங்க."

துண்டுக் கோடுகளை அழித்துவிட்டு, ஒரே சீரான வளைவாக எழுதினாள். ஆபரேட்டர் வந்தார். குமிழை நூறில் வைத்தார். மிஷின் முனகக்கூட இல்லை; வழுக்கிக்கொண்டு போயிற்று. பதினெட்டாவது நிமிஷம் பீஸ் கையில்.

நகத்தால் தடவிப் பார்த்தார்.

"வழவழன்னு இருக்கும்மா!"

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அண்ணே, மன்னிச்சிருங்க. மேனேஜர் முன்னாடி பழியை ஏன் உங்க தலையில போட்டுக்கிட்டீங்க?"

"அடுத்த மாசம் உங்களை நிரந்தரம் பண்ணப்போறதாப் பேச்சு. அந்த நேரத்துல நான் எதையாவது உளறி வைக்கவா?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, அண்ணே!"

"சொன்னேனேம்மா, முதல் பீஸ் போட்ட அன்னிக்கே. 'வளைவுல மிஷின் உதறுது, நீங்க திருத்தித் தர்ற வரைக்கும் மெதுவா ஓட்டட்டுமா'ன்னு கேட்டேன். நீங்க காதுல ஹெட்போன் மாட்டியிருந்தீங்க. சிரிச்சுக்கிட்டே நல்லாத் தலையாட்டினீங்க."