ஏழாவது விதியின் மூன்றாவது வரி

நான்காவது முறையாக அவளை மாடியேறச் சொன்னார் எழுத்தர்.

"மேல கற்பித்தல் பிரிவுல கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க மேடம். வந்ததும் இங்க ஆராய்ச்சிப் பிரிவுல போட்டுருவோம்."

மேலே போனால் அதே பாட்டு, தலைகீழாக. கீழே வாங்கி வாருங்கள், உடனே போட்டுவிடுகிறோம்.

இருபத்தாறு படிகள். ஏறும்போது ஒரு முழங்கால் திட்டியது, இறங்கும்போது இன்னொன்று.

வெள்ளிக்கிழமையோடு அவளுக்குப் பணி ஓய்வு. அதற்குள் பதவி உயர்வுக் கோப்பில் இரண்டு கையெழுத்தும் விழுந்தால் பேராசிரியராக வீட்டுக்குப் போவாள். விழாவிட்டால், பதினெட்டு வருடமாக இருக்கிற மாதிரி இணைப் பேராசிரியராகவே போவாள். இன்று புதன்.

இதில் வயிறெரிகிற விஷயம் ஒன்று உண்டு. முப்பத்தொரு வருடமாக அவள் பிழைப்பே இதுதான். நூறு கணினிகள் ஒரே நேரத்தில் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் வேலை செய்வது எப்படி என்பது பாதி ஆராய்ச்சி. அதை முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி சொல்லித்தருவது எப்படி என்பது மீதிப் பாதி.

முதல் வகுப்பிலேயே இரண்டு பேரை எழுப்பி நிறுத்துவாள். ஒருவன் கையில் பென்சில், இன்னொருத்தி கையில் அளவுகோல். கோடு போட இரண்டும் வேண்டும். நீ கொடு, பிறகு நான் கொடுக்கிறேன் என்று இருவரும் நின்றால் மணியடிக்கும்வரை நிற்க வேண்டியதுதான். இதற்குப் பெயர் முட்டுக்கட்டை என்பாள். வகுப்பு சிரிக்கும்.

இப்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"எந்த அறிவாளி எழுதின விதிங்க இது? எடுங்க, பார்க்கலாம்."

எழுத்தர் அலுத்துக்கொள்ளாமல் விதிப் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். ஏழாவது விதி, மூன்றாவது வரி: 'ஒவ்வொரு பிரிவும் மற்றப் பிரிவின் கையெழுத்தைக் கண்ட பின்னரே கையெழுத்திடுதல் வேண்டும்.'

கீழே எழுதியவர் பெயர் இல்லை. அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. பெற்ற பிள்ளையின் முகம் மறந்துபோகுமா என்ன.

ஒன்பது வருடத்துக்கு முன் காலியாக இருந்த ஒரே இடத்தை, ஒன்றையொன்று கேட்காமல், இரண்டு பிரிவும் இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டன. ஊரே சிரித்தது. இது எங்கள் பாடம், என்னிடம் விடுங்கள் என்று அவள்தான் மார்தட்டினாள். இரண்டு வகுப்புக்கு நடுவில் கிடைத்த கால் மணியில் எழுதிக் கொடுத்தாள்.

விதி நன்றாகத்தான் ஓடியது. ஆராய்ச்சி மட்டும் செய்தவருக்கு மேலே எதற்கும் காத்திராமல் 'சம்பந்தமில்லை' என்று கையெழுத்திட்டு அனுப்பினார்கள். கற்பித்தல் மட்டும் செய்தவருக்குக் கீழே அப்படியே. இரண்டிலும் கால் வைத்தவர் வந்தால்தான் வண்டி நிற்கும். அப்படி யார் வரப்போகிறார்கள்?

ஆயிரம் தடவை சரியாக ஓடிவிட்டது என்பதற்காக ஒரு நிரலை நம்பாதே என்று பிள்ளைகளிடம் தொண்டை கிழியக் கத்தியவள் அவள்.

"உங்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க மேடம். முன்னாடி ஒருத்தர் இப்படித்தான் மாட்டினாரு, பாவம்" என்று எழுத்தர் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தூசி தட்டினார்.

மேலட்டையில் குடைக்காரரின் பெயர்.

மழை, வெயில் எதுவானாலும் கையில் குடை. பதினாறு வருடம் அவளுக்கு எதிர்மேசை. முதல் கட்டுரை இரண்டு பேரும் சேர்ந்து எழுதியது. அந்தப் பென்சில் நாடகம்கூட அவரோடு சேர்ந்து யோசித்ததுதான்.

ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால் திடீரென்று அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவருடைய வழியனுப்பு விழாவில் அவள் பேச எழுந்ததும் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். என் புத்தகம் வெளிவந்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்று பார்த்தவர்களிடமெல்லாம் அவள் சொல்லிவைத்தாள். நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கோப்புக்குள் ஒரு மனு, இரண்டு பக்கம். நிபுணர் கருத்துக்குப் போகும் மனுவில் பெயர் இருக்கக் கூடாது என்பது வழக்கம். பெயர் இருந்த இடத்தில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது.

முதல் பக்கத்தின் ஓரத்தில் நிபுணரின் கருத்து: 'மனுதாரர் விதியைப் புரிந்துகொள்ளவில்லை. முதலாண்டு மாணவருக்கே தெரிந்த விஷயம். திருத்தம் தேவையில்லை.'

பச்சை மை. சிவப்பைப் பார்த்தால் பிள்ளைகள் பயப்படுகின்றன என்று, அந்த வளாகத்திலேயே பச்சையில் திருத்துகிறவள் அவள் ஒருத்திதான்.

எப்போது எழுதினாள் என்று நினைவில்லை. அதுவும் இரண்டு வகுப்புக்கு நடுவில்தான் இருக்கும்.

இரண்டாம் பக்கத்தைத் திருப்பினாள். பின் அடித்த இடத்தில் தாள் விறைப்பாக எதிர்த்தது. அதுவரை யாரும் அதைத் திருப்பியதாகத் தெரியவில்லை.

உள்ளே ஒரு படம். இரண்டு பேர் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் கையில் பென்சில், இன்னொருவர் கையில் அளவுகோல்.

காதுமடல் சுட்டது. வெட்கத்தில் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவள் மாடிப்படியைப் பார்த்தாள்.

எழுத்தர் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். "வேணும்னா நீங்களும் ஒரு மனு எழுதிக் குடுங்க மேடம். பேரை மறைச்சு அந்த நிபுணருக்கே அனுப்பிடலாம். பேனா இருக்கா?"

பேனா கைப்பையில்தான் இருந்தது. அதன் பச்சை மூடி வெளியே தெரிந்தது.

அவள் பையை மெல்லத் திருப்பிக்கொண்டாள்.

"இல்ல" என்றாள்.