கஞ்சி மட்டும்

“முட்டை கிடையாது. மீன், கடலை, கொய்யாப்பழம் எதுவும் கிடையாது. புண்ணு ஆறுற வரைக்கும் கஞ்சி மட்டுந்தான்.”

கிண்ணத்தைக் கட்டிலருகே வைத்துவிட்டு மனைவி முறைத்தாள்.

“புண்ணு கால்லதானே? வாயில இல்லையே?” என்றார் கிரேன் ஓட்டுநர்.

“எடக்குப் பேசாதீங்க. சீழ் பிடிச்சா மறுபடியும் கத்தி வெப்பாங்க.”

துறைமுகத்தில் இரும்புத் தகடு கிழித்து, கெண்டைக்காலில் பதினாறு தையல். இரண்டு வாரத்தில் வேலைக்கு வராவிட்டால் கிரேனை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். பதினெட்டு வருடமாக அவரைத் தவிர யாரும் ஏறாத கிரேன்.

அந்தக் கவலை இருந்தாலும், அடுத்தவர் பேச்சைக் கேட்டு நடந்த பழக்கம் அவருக்கு இல்லை. குடை எடுத்துப் போகச் சொன்னால் நனைந்துகொண்டு வருவார். அதிலும் ஒரு கெத்து.

மனைவி தையல் கடைக்குக் கிளம்பினாள்.

“அடுப்படியில நாலு முட்டை அவிச்சு வெச்சிருக்கேன். ராத்திரிக்கு எனக்கு. கை வெச்சீங்க, அப்புறம் தெரியும் சேதி!”

கதவு சாத்தியதுதான் தாமதம், நொண்டிக்கொண்டே போய் இரண்டை உள்ளே தள்ளினார். முட்டை ஓட்டைச் செய்தித்தாளில் சுற்றிக் குப்பைக்கு அடியில் புதைத்தார்.

மறுநாள் வறுத்த மீன். அதற்கு மறுநாள் கடலை. சட்டி பாதி காலியாகியும் அவள் கண்டுபிடிக்கவில்லை. இவள் கண்ணிலேயே மண்ணைத் தூவிவிட்டோமே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

பன்னிரண்டாம் நாள் டாக்டர் தையலைப் பிரித்து, சுற்றிலும் அழுத்திப் பார்த்தார்.

“அருமையா ஆறியிருக்கு. திங்கட்கிழமை கிரேன்ல ஏறலாம்.”

“நம்ம மூளை அப்படி, டாக்டர்!” நெஞ்சை நிமிர்த்தினார் அவர். “இவ பேச்சைக் கேட்டிருந்தா கஞ்சி குடிச்சே காஞ்சிருப்பேன். முட்டை, மீனுன்னு இவளுக்குத் தெரியாம ஒரு பிடி பிடிச்சேன்.”

டாக்டர் குழம்பிப்போய் மனைவியிடம் திரும்பினார். “ஏம்மா, அதெல்லாம் தினமும் கட்டாயம் குடுக்கணும்னு உங்ககிட்டதானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்?”

“குடுத்தா சாப்பிட மாட்டாரு, டாக்டர்,” என்றாள் அவள் நிதானமாக. “அதான் கூடாதுன்னு சொல்லி வெச்சேன்.”