எதிர்வீட்டுக் கதவு

காய்ச்சல் பரவத் தொடங்கினால், எழுபது வயதைக் கடந்தவர்களின் வீட்டுக் கதவுகள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். சாப்பாடும் மருந்தும் சுவரிலுள்ள சிறு திறப்பின் வழியாக வந்துவிடும். அந்தக் குடியிருப்பில் முதியவர் ஒருவருக்குக்கூட இதுவரை நோய் தொற்றியதில்லை.

முப்பத்தைந்து வருடம் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஞானமலருக்கு வயது எழுபத்தொன்று. கதவுகள் பூட்டிக்கொண்ட இரண்டாம் நாள் காலை, எதிர்வீட்டில் தனியாக இருந்த மைதீன் பாய் கதவருகே விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டது.

"சிஸ்டர்... தலையில அடிபட்டுட்டு. ரத்தம் நிக்க மாட்டேங்கு."

இரண்டு கதவுகளுக்கும் நடுவே நாலே எட்டுதான். ஞானமலர் தன் கதவை இழுத்தார், உதைத்தார். அது அசையவில்லை. அவசரப் பொத்தானை அழுத்தினார். உதவியாளர் நாற்பது நிமிடத்தில் வருவார் என்றது அதிலிருந்து வந்த குரல்.

"பாய், துண்டை மடிச்சு அழுத்திப் பிடிங்க. தூங்கிராதீங்க. எங்கிட்ட பேசிக்கிட்டே இருங்க."

பாய் துபாயிலிருக்கும் தன் மகளைப் பற்றிப் பேசினார். போகப் போகக் குரல் இறங்கியது. "கை சோந்து போச்சு சிஸ்டர். நீங்க கொஞ்சம் வந்து பிடிக்கக் கூடாதா?"

"இந்தா வந்துட்டேன் பாய்" என்றார் ஞானமலர், பூட்டிய கதவை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டே. பதில் வரவில்லை.

உதவிக்கு வந்த பெண் எதிர்வீட்டைத் திறந்து பார்த்துவிட்டு, சற்று நேரம் கழித்து இந்தப் பக்கம் வந்தாள்.

"உங்களுக்கு ஒண்ணுமில்லயேம்மா? காய்ச்சல் ஏதும் இருக்கா?"

கதவிலிருந்து கையை எடுக்காமலே, "காய்ச்சல் இல்ல" என்றார் ஞானமலர்.