சூடாகாத ஒயர்

கோத்தகிரிக் குளிரில் இட்லி மாவு புளிக்க வனஜாவுக்கு இருந்த ஒரே வழி, மாவுச் சட்டியை ஸ்டெபிலைசர் மேல் வைப்பதுதான். அந்தச் சூட்டில் விடிவதற்குள் பொங்கிவிடும். எலக்ட்ரீசியனான அவள் கணவன் கனகராசு, அவளை அசத்த நினைத்து, அன்று பகலில் வீட்டு ஒயர், கரண்ட் சாமான் எல்லாவற்றையும் சூடாகாத புது ரகத்துக்கு மாற்றிவிட்டான்.

மாலையில் ஸ்டெபிலைசரைத் தொட்டவள் அலறினாள். "என்னங்க, ஐஸ் மாதிரி இருக்குது!"

"அதுதான் அம்மிணி இதோட பெருமை! கரண்ட் இனி ஒயரோட ஓரமாத்தான் போகும். ஒரு பக்கமா சுத்துற எலக்ட்ரான் எல்லாம் இப்படிப் போகும், மறுபக்கமா சுத்துறது எல்லாம் அப்படிப் போகும். எதுவும் முட்டித் திரும்பாது. அப்புறம் சூடு எங்கிருந்து வரும்?"

"நாளைக்குக் காலைல டீ பேக்டரி கேண்டீன்ல இருந்து என் இட்லிய ருசி பாக்க வர்றாங்க. பிடிச்சாத்தான் ஆர்டர். மாவு எப்படிங்க பொங்கும்?"

கனகராசு ஃபிரிட்ஜைத் தொட்டான், டிவியைத் தொட்டான். எல்லாம் சில்லென்றிருந்தன. வனஜா அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது.

அன்றிரவு சட்டி அவனுடைய கம்பளிக்குள் படுத்தது.

காலையில் இட்லி பூப்போல வந்தது. மூன்றாவது இட்லியைப் பிட்டபடி கேண்டீன் மேலாளர் கேட்டார்: "இந்தக் குளிர்ல மாவு எப்படிம்மா இப்படிப் பொங்குது?"

உள்ளறையில், மாவு ஒட்டிய ஸ்வெட்டரோடு கழுத்தைத் திருப்ப முடியாமல் கனகராசு முனகினான்.

"வீட்டுல ஒண்ணே ஒண்ணு மட்டும் பழைய ரகம் இருக்குதுங்க," என்றாள் வனஜா. "அத மாத்துறதா இல்ல."