கடைசி எட்டுப் பக்கம்

"கடைசி எட்டுப் பக்கம் எங்க டீச்சர்?"

நூலகர் ரெங்கராஜ் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். நாவல் 296-ஆம் பக்கத்தோடு நின்றிருந்தது. மீதியை யாரோ பிளேடால் நறுக்கியிருந்தார்கள்.

புத்தகத்தின் தவணையைப் புதுப்பிக்க வந்த லூர்துராணி டீச்சர் மழுப்பவில்லை.

"நான்தான் வெட்டினேன்."

பாலக்கரைப் பள்ளியில் முப்பது வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ரெங்கராஜுக்குக் கோபத்தைவிடக் கசப்புதான் அதிகம் வந்தது.

"நீங்களே இப்படிச் செய்யலாமா?"

"நீங்க இந்த நாவலைப் படிச்சிருக்கீங்களா சார்?"

"இல்ல."

"காணாமப்போன தம்பியத் தேடி ஒருத்தி தனியா ஊர் ஊரா அலையறா. எங்க போனாலும் அவன் அளவுக்கு ஒரு சட்டை வாங்கி வச்சுக்கறா. எழுதினவரு அவளுக்குப் பேச்சுத்துணைக்குக்கூட ஓர் ஆளை வைக்கல. அவ்வளவு தூரம் நடக்க விட்டுட்டு, கடைசில, தொலைஞ்ச அன்னிக்கே தம்பி செத்துட்டான்னு முடிக்கறாரு. நல்ல எழுத்துதான். எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல."

"அதுக்காக வெட்டிடறதா?"

டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"எங்க மாடியில ஆனந்தவள்ளின்னு ஒருத்தங்க இருக்காங்க. மனசு சரியில்லாத மகனை, ஸ்ரீரங்கத்துல ஏகாதசிக் கூட்டத்துல தொலைச்சவங்க. பதினோரு வருஷம் ஆச்சு. இன்னமும் சனிக்கிழமையானா போட்டோவை எடுத்துக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் காப்பகம் காப்பகமா ஏறி இறங்கறோம். அவங்களுக்குக் கண் ஆபரேஷன். அதனால நான்தான் இதை வாசிச்சுக் காட்டினேன். முடிவை மட்டும் மாத்திட்டேன். தம்பி கிடைச்சுட்டான்னு சொன்னேன். நாளைக்கு அவங்களுக்குக் கண்ணாடி வருது. அந்த முடிவைக் கண்ணால ஒரு தடவை படிக்கணுங்கறாங்க."

ரெங்கராஜ் பாதிதான் நம்பினார். சாயங்காலம் நூலகத்தைப் பூட்டிவிட்டு டீச்சர் வீட்டுக்கே போனார்.

மாடியில் கறுப்புக் கண்ணாடியோடு ஆனந்தவள்ளி உட்கார்ந்திருந்தார். "லைப்ரரி சார் வந்திருக்காரு" என்று சொல்லிவிட்டு, டீச்சர் டீ போடக் கீழே இறங்கினார்.

காலடிச் சத்தம் அடங்கியதும் ஆனந்தவள்ளி கேட்டார்.

"அந்தப் பக்கங்களை வெட்டிட்டாங்களா சார்?"

ரெங்கராஜ் திடுக்கிட்டார். "உங்களுக்கு எப்படி...?"

"அந்தப் புத்தகத்த நான் எப்பவோ படிச்சாச்சு. தம்பி செத்துடுவான். டீச்சர் மாத்தின முடிவை நம்பிட்டமாதிரி இருக்கத்தான் அதைப் படிக்கணும்னு கேட்டேன். என் பிள்ளையும் அப்படித்தான் போயிட்டான். போன வருஷம் போலீஸ்ல ஒரு பழைய போட்டோ காட்டினாங்க. கொள்ளிடத்துல ஒதுங்கின உடம்பு. அவன் தொலைஞ்ச ஏகாதசிக்கு மறுநாளே எடுத்தது. அவன்தான்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்."

ரெங்கராஜ் படிப்பக்கம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"டீச்சர்கிட்டச் சொல்லலையா? பாவம், இன்னும் உங்களோட அலையறாங்களே."

படியில் டம்ளர் சத்தம் கேட்டது. ஆனந்தவள்ளி அவசரமாகக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சரோட வீட்டுக்காரர் தவறினதிலேர்ந்து அவங்க கதவையே திறக்காம கிடந்தாங்க சார். என் பிள்ளையத் தேடத்தான் வெளியவே வந்தாங்க. இனிமே தேட ஆளில்லன்னு சொல்லிட்டா, திரும்ப உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்குவாங்க."